ஒட்டாத இருவர், ஒரே வீடு: நான்கு சிட்காம்களில் எதைத் தொடங்குவது?

ஒத்தே போகாத இரண்டு பேரை ஒரே வீட்டுக்குள் விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பது அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான பழக்கம். ஒருவர் சுத்தப் பைத்தியம், இன்னொருவர் அழுக்குச் சட்டை. ஒருத்தி நேற்றுவரை கோடீஸ்வரி, இன்னொருத்திக்கு வாடகைக்கே வழியில்லை. சண்டை, சமாதானம், மறுபடியும் சண்டை. கேட்பதற்கு எல்லாம் ஒரே கதை மாதிரிதான் இருக்கும். ஆனால் இப்படி ஒரு தொடரைக் கடைசிவரை பார்ப்பதென்றால் சுமார் ஐம்பது மணி நேரம் போகும். எதைத் தொடங்குவது என்று ஐந்து நிமிடம் யோசிப்பதில் தப்பில்லை.

இங்கே நான்கை எடுத்துக்கொள்கிறேன்: 'தி ஆட் கப்பிள்' (1970–75), 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' (1986–93), 'டூ ப்ரோக் கேர்ள்ஸ்' (2011–17), 'கிரேஸ் அண்ட் ஃபிராங்கி' (2015–22). நான்கும் லேசான நகைச்சுவை, நான்கிலும் ஒத்துப்போகாத இருவரின் நட்பு. ஆனால் ஒன்றைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர் இன்னொன்றை இரண்டாவது எபிசோடிலேயே அணைத்துவிடுவார். இத்தனைக்கும் இருவருமே ரசனை உள்ளவர்களாக இருப்பார்கள்.

இதற்குக் காரணம், பார்த்தவர்கள் சொல்லும் குறைகளிலேயே இருக்கிறது. இந்த வகைத் தொடர்களைப் பற்றி வரும் புகார்களைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு கட்சிதான். ஒரு கட்சி, 'இத்தனை சீசன் ஆச்சு, இதுங்க திருந்தவே இல்லையே' என்று அலுத்துக்கொள்ளும். இன்னொரு கட்சி, 'முதல்ல நல்லா இருந்துச்சு, அப்புறம் கல்யாணம் அது இதுன்னு மாத்திக் கெடுத்துட்டாங்க' என்று வருத்தப்படும். முதல் கட்சிக்கு நட்பு வளர வேண்டும், ஆட்கள் மாற வேண்டும். இரண்டாம் கட்சிக்கு, நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அதே சோபா, அதே சண்டை, அதே முகங்கள் இருக்க வேண்டும். நீங்கள் எந்தக் கட்சி என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு ஆகிவிட்டது. பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது என்று போடும் மதிப்பெண்கள் இந்த விஷயத்தில் ஒன்றுக்கும் உதவாது. எட்டு போட்டவர் எந்தக் கட்சி என்று அந்த எண் சொல்லாதே.

மாற்றமே வேண்டாம் என்பவர்களுக்கு 'தி ஆட் கப்பிள்'தான் முதல் தேர்வு. நீல் சைமன் எழுதி 1965-இல் பிராட்வேயில் மேடையேறிய நாடகம் அது. 1968-இல் படமானது, 1970-இல் ஏபிசி தொலைக்காட்சிக்குத் தொடராக வந்தது. விவாகரத்தான இரண்டு ஆண்கள், நியூயார்க்கில் ஒரே அடுக்குமாடி வீடு. ஃபீலிக்ஸ் புகைப்படக்காரர், தூசி கண்டால் துடிப்பவர், ஆபரா இசைக்கு உருகுபவர். ஆஸ்கர் விளையாட்டுச் செய்தி எழுதுபவர். சாப்பிட்ட தட்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தாலும் தூக்கம் கெடாதவர். ஐந்து சீசன், 114 எபிசோட். அத்தனையிலும் இவர் அவராகவில்லை, அவர் இவராகவில்லை.

இதைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது டோனி ராண்டல், ஜாக் கிளக்மன் என்ற இரண்டு நடிகர்களைப் பற்றி. கதை ஒன்றுமே இல்லாத எபிசோடிலும் இவர்கள் எதிரெதிரே நின்றால் போதும் என்பார்கள். அது மிகையில்லை. மூன்றாவது சீசனில் இருவரும் 'பாஸ்வேர்ட்' என்ற வார்த்தை விளையாட்டு நிகழ்ச்சியில் ஜோடியாகக் கலந்துகொள்ளும் எபிசோட் ஒன்று உண்டு. பறவை என்ற சொல்லைத் தன் கூட்டாளி கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஃபீலிக்ஸ் கொடுக்கும் துப்பு, அரிஸ்டோஃபனீஸ்! பறவைகளை வைத்து நாடகம் எழுதிய பழைய கிரேக்கர், இதுகூடத் தெரியாதா என்பது அவர் கட்சி. ஆஸ்கரின் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்தத் தொடர் எதைப் பற்றியது என்று கேட்பவருக்கு அந்த ஒரு காட்சியைக் காட்டினால் போதும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். முதல் சீசனைச் சினிமா மாதிரி ஒற்றைக் கேமராவில் எடுத்து, பதிவுசெய்த சிரிப்பொலியை மேலே ஒட்டினார்கள். நடிகர்கள் இருவருக்குமே அது பிடிக்கவில்லை. இரண்டாவது சீசனிலிருந்து நேரில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்கள் முன் பல கேமராக்கள் வைத்து எடுக்கத் தொடங்கினார்கள். வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். மேடை நடிகர்களுக்கு முன்னால் ஆள் இருந்தால் வரும் வேகமே வேறு. 'பழைய தொடர், மந்தமாக இருக்கிறது' என்று கைவிட்டவர்களில் பலர் முதல் சீசனோடு நின்றவர்களாக இருப்பார்கள் என்பது என் ஊகம். இரண்டாவது சீசனில் ஏறிக்கொள்ளுங்கள். முன்கதை எதுவும் தவறாது. மனைவி வீட்டைவிட்டு அனுப்பிய ஃபீலிக்ஸ் நண்பன் வீட்டுக்கு வந்தார் என்பதைத் தொடக்கப் பாடலின்போதே சொல்லிவிடுகிறார்கள்.

இது ஒளிபரப்பான காலத்தில் பெரிய வெற்றியும் இல்லை. பார்வையாளர் எண்ணிக்கையில் எப்போதும் பின்வரிசைதான். கிளக்மனுக்கு 1971, 1973 ஆகிய ஆண்டுகளில் எம்மி விருது கிடைத்தது. ராண்டலுக்கு 1975-இல் கிடைத்தபோது தொடரையே நிறுத்திவிட்டிருந்தார்கள். பிறகு மறுஒளிபரப்பில்தான் ஜனங்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். எந்த எபிசோடையும் எங்கிருந்தும் பார்க்கலாம் என்ற அமைப்பு மறுஒளிபரப்புக்கு வாகாக இருந்தது. தினமும் பார்க்காமல், தோன்றும்போது ஒன்று பார்க்கிறவர்களுக்கு இப்போதும் அதே வசதி.

திரைக்கு வெளியே இவர்கள் நட்பு தொடரைவிட நன்றாக வளர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1989-இல் தொண்டைப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் கிளக்மன் குரல்நாண் ஒன்றை இழந்தார். இனி நடிப்பில்லை என்றிருந்தவரை மேடைக்கு இழுத்துவந்தவர் ராண்டல். 1993-இல் இருவரும் பழைய பாத்திரங்களில் மீண்டும் ஒரு தொலைக்காட்சிப் படம் செய்தார்கள்; கிளக்மனின் கரகரத்த குரலை மறைக்காமல், ஆஸ்கருக்கே புற்றுநோய் வந்து தேறியதாகக் கதை வைத்தார்கள். ராண்டல் 2004-இல் இறந்த பிறகு கிளக்மன் இந்த நட்பைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இது தெரிந்தபின் தொடரைப் பார்த்தால் சண்டைக் காட்சிகள் கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும்.

குறையும் உண்டு. பெண் பாத்திரங்கள் எல்லாம் வந்து போகிறவர்கள். எழுபதுகளின் ஆண் உலகம், அந்தக் காலத்து ஜோக்குகள். சில இடங்களில் நெளிய வேண்டியிருக்கும். அது தாங்காது என்பவர்கள் விட்டுவிடலாம். 2015-இல் மேத்யூ பெர்ரியை வைத்து இதையே புதிதாக எடுத்துப் பார்த்தார்கள். மூன்று சீசனோடு முடிந்தது. அதைப் பார்ப்பதற்குப் பழையதில் பாதி பார்க்கலாம்.

'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' கதையே வேறு. லேரி என்ற இளைஞன் பெரிய குடும்பத்தின் நெரிசலிலிருந்து தப்பி, சிகாகோவில் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு வீடு பிடிக்கிறான். உடனே கதவைத் தட்டுகிறான் பால்கி. மத்தியதரைக் கடலில் மைப்போஸ் என்ற தீவில் ஆடு மேய்த்தவன், தூரத்து உறவுக்காரனாம். அப்படி ஒரு தீவு வரைபடத்தில் இல்லை, கற்பனை. இந்த ஒரு முடிவுதான் தொடரைக் காப்பாற்றுகிறது என்று ஒரு சாராரும், அப்படியெல்லாம் தப்பிக்க முடியாது என்று இன்னொரு சாராரும் சொல்வார்கள். இல்லாத நாட்டுக்காரனைக் கிண்டல் செய்தால் யார் மனமும் புண்படாது என்பது முதல் வாதம். நாடு இல்லையே தவிர, தட்டுத் தடுமாறி ஆங்கிலம் பேசும் புலம்பெயர்ந்தவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களே, சிரிப்பு அவர்களைப் பார்த்துத்தானே என்பது இரண்டாவது.

இரண்டாவது வாதத்தில் நியாயம் உண்டு என்றாலும், எபிசோடுகளின் அமைப்பு பால்கியின் பக்கம்தான் நிற்கிறது. லேரி குறுக்குவழியில் ஏதோ திட்டம் போடுவான். பால்கி வேண்டாம் என்பான். லேரி கேட்க மாட்டான். எல்லாம் தலைகீழாகும், கடைசியில் லேரி தன் தப்பை ஒத்துக்கொள்வான். முட்டாள் போலத் தெரிபவன் சொன்னதுதான் சரியாக இருக்கும். இந்த அச்சு 150 எபிசோடிலும் பெரிதாக மாறுவதில்லை. பத்து எபிசோடை ஒரே மூச்சில் பார்த்தால் சலிக்கும். வாரத்துக்கு இரண்டு என்றால் சலிக்காது.

இதன் உண்மையான பலம் உடல்மொழி. ப்ரான்சன் பின்ச்சோவும் மார்க் லின்-பேக்கரும் விழுவது, மோதுவது, சிக்கிக்கொள்வது எல்லாம் ஊமைப்படக் காலத்துத் துல்லியம். சந்தோஷம் வந்தால் இருவரும் கால் உதைத்து ஆடி, கடைசியில் பால்கி துள்ளி லேரியின் கைகளில் ஏறிக்கொள்ளும் அந்த நடனம், தொடரை மறந்தவர்களுக்கும் நினைவிருக்கும். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க நான்கில் இதுதான் கவலையில்லாதது. ஒரு சிக்கல்: பால்கி ஆங்கிலச் சொலவடைகளைப் பிய்த்துப் பிய்த்துப் பேசுவான். மூலச் சொலவடை தெரியாதவருக்கு அந்த ஜோக் இல்லை, சப்டைட்டிலும் கைகொடுக்காது. அடுத்த நிமிடமே யாராவது மேஜையிலிருந்து விழுவார்கள் என்பது ஆறுதல்.

எங்கே நிறுத்துவது என்பதிலும் பார்த்தவர்களிடையே சண்டை உண்டு. முதல் இரண்டு சீசன்களில் இருவருக்கும் ஒரு சிறிய கடையில் வேலை. மூன்றாவதில் பத்திரிகை அலுவலகத்துக்குப் போகிறார்கள். ஏழாவது சீசனில் லேரிக்குக் கல்யாணம், பெரிய வீடு, அப்புறம் பால்கிக்கும் கல்யாணம். 'மாத்திக் கெடுத்துட்டாங்க' கட்சி இங்கேதான் எழுந்து போகிறது. எனக்கும் ஆறாவது சீசனோடு போதும் என்றுதான் படுகிறது. மனைவிகள் வந்தபின்னும் இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்க எழுத்தாளர்கள் படும் பாடு திரையில் தெரிகிறது.

'டூ ப்ரோக் கேர்ள்ஸ்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மோசடி செய்த அப்பா சிறைக்குப் போனதால் நடுத்தெருவுக்கு வந்த பணக்காரப் பெண் கரோலின், பிறந்ததிலிருந்தே நடுத்தெருவில் இருக்கும் மேக்ஸ். ப்ரூக்ளினில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் வேலை, கப்கேக் தொழில் தொடங்கும் கனவு. எபிசோட் முடிவில் கையில் எவ்வளவு பணம் சேர்ந்தது என்று திரையில் ஒரு தொகை வரும். அருமையான யோசனை. வாடகையும் தொழிலும்தான் இந்த நட்பைக் கட்டிவைத்திருக்கின்றன என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன தொடர் குறைவு.

ஆனால் அந்தத் தொகை ஏறும், இறங்கும், மறுபடி பழைய இடத்துக்கே வரும். பெண்கள் முன்னேற வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பார்த்தவர்களுக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அதைவிடப் பெரிய புகார், கடை முதலாளி ஹான் லீ உள்ளிட்ட பாத்திரங்களை இனத்தை வைத்தே கேலி செய்வது. 2012 தொடக்கத்திலேயே பத்திரிகையாளர்கள் இதைத் தயாரிப்பாளரிடம் நேருக்கு நேர் கேட்டார்கள், அவர் பிடி கொடுக்கவில்லை. தவிர, நிமிடத்துக்கு ஒரு பாலியல் ஜோக். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். ஆறு சீசன், 138 எபிசோடுக்குப் பிறகு திடீரென நிறுத்திவிட்டதால் ஒழுங்கான முடிவும் கிடையாது. கேட் டென்னிங்ஸின் அலட்சியமான வசன உச்சரிப்பும், பெத் பெஹ்ர்ஸின் விடாத உற்சாகமும் நன்றாக இருக்கின்றன என்பதை மறுக்க முடியாது. துணி மடிக்கும்போது ஓடவிடலாம். அதற்கு மேல் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நட்பு வளர்வதைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் நேராக 'கிரேஸ் அண்ட் ஃபிராங்கி'க்குப் போகலாம். எழுபது வயதுப் பெண்கள் இருவர். கிரேஸ் அழகுசாதன நிறுவனம் நடத்தி ஓய்வு பெற்றவர், மடிப்புக் கலையாதவர். ஃபிராங்கி ஓவியர், ஹிப்பி, வாய்க்கு வந்ததைப் பேசுபவர். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காது. கணவன்மார் இருவரும் சேர்ந்து வக்கீல் தொழில் செய்வதால் பல வருடமாகச் சகித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருநாள் அந்தக் கணவன்மார், நாங்கள் இருவரும் இருபது வருடமாகக் காதலிக்கிறோம், கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்கிறார்கள். பெண்களுக்கு மிஞ்சுவது இரண்டு குடும்பமும் சேர்ந்து வாங்கிய கடற்கரை வீடு.

மற்ற மூன்றிலும் இருவரைச் சேர்த்து வைப்பது வாடகையோ உறவுமுறையோ பழைய நட்போதான். இங்கே சேர்த்து வைப்பது ஒரே அடி. தனக்கு நடந்தது என்ன என்று உலகத்தில் புரியக்கூடிய ஒரே ஆள், தனக்குப் பிடிக்காத அந்த இன்னொருத்திதான். ஏழு சீசன், 94 எபிசோடை இந்த ஒரு விஷயம் தாங்குகிறது.

'ஃப்ரெண்ட்ஸ்' தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்ட்டா காஃப்மன், ஹோவர்ட் மோரிஸோடு சேர்ந்து உருவாக்கியது இது. அந்தப் பெயரை நம்பி வந்தவர்களுக்கு முதல் சீசனில் ஏமாற்றம். சிரிப்பொலி இல்லை, எபிசோட் மெதுவாக நகர்கிறது, சில இடங்களில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விமர்சகர்களும் ஆரம்பத்தில் அரை மனதாகத்தான் வரவேற்றார்கள், பிறகே சூடு பிடித்தது. ஆகவே மூன்று எபிசோடில் முடிவு செய்யாதீர்கள். முதல் சீசனின் 13 எபிசோடையும் முன்னுரை மாதிரி எடுத்துக்கொண்டால் இரண்டாவது சீசன் கைநிறையத் தரும்.

கணவன்மாரின் கதையைப் பற்றிப் பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். மார்ட்டின் ஷீன், சாம் வாட்டர்ஸ்டன் வரும் காட்சிகள் இல்லாவிட்டால் எபிசோட் இன்னும் நன்றாக இருக்கும் என்பார்கள் சிலர். துரோகம் செய்தவர்களையும் மனிதர்களாகக் காட்டுவதுதான் இதன் சிறப்பு என்பார்கள் வேறு சிலர். நான் பாதி முதல் பக்கம். நடுச் சீசன்களில் அந்தக் காட்சிகள் இடத்தை அடைக்கின்றன. இன்னொரு குறை, இவர்கள் பிரிந்து பிரிந்து சேர்வது. ஒரு சீசனில் ஃபிராங்கி காதலரோடு சான்டா ஃபே போய்விடுவார், இன்னொன்றில் கிரேஸ் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுவார், பின்பு இருவரும் திரும்பி வருவார்கள். கடைசி சீசன்களில் தானாக எழும்பும் கழிப்பறை இருக்கையைத் தயாரித்து விற்கும் அளவுக்குக் கதை விளையாட்டுத்தனமாகிவிடுகிறது.

ஆனாலும் நான்காவது சீசனின் பிற்பகுதியை வேறு எந்த சிட்காமிலும் பார்க்க முடியாது. இவர்களால் தனியாக இருக்க முடியாது என்று பிள்ளைகளே முடிவெடுத்து முதியோர் குடியிருப்பில் சேர்க்கிறார்கள். சிரிப்பு நிற்பதில்லை, பயமும் கூடவே வருகிறது. கிரேஸாக வரும் ஜேன் ஃபோண்டாவும் ஃபிராங்கியாக வரும் லில்லி டாம்லினும் 1980-இலிருந்தே திரையில் ஜோடி. எண்பதைத் தொடும் வயதில் நடித்த இந்தக் காட்சிகளில் அந்தப் பழக்கம் வேலை செய்கிறது. முதுமை, உடல், தனிமை, ஆசை எல்லாவற்றையும் ஒளிக்காமல் பேசும் தொடர் என்பதால் சிறுவர்களோடு பார்க்க முடியாது. அம்மாவோடு பார்க்கலாமா என்று கேட்டால், அது உங்கள் அம்மாவைப் பொறுத்தது. சில அம்மாக்கள் உங்களைவிட அதிகம் சிரிப்பார்கள்.

சிரிப்பொலி பற்றி ஒரு வார்த்தை. பின்னணியில் ஆட்கள் சிரித்தாலே சிலருக்கு ஆகாது. அவர்களுக்கு நான்கில் 'கிரேஸ் அண்ட் ஃபிராங்கி' ஒன்றுதான் வழி, மற்றதை யோசிக்கவே வேண்டாம். நேரில் ஆள் உட்கார்ந்து சிரிப்பதும், பெட்டியிலிருந்து சிரிப்பை எடுத்து ஒட்டுவதும் ஒன்றில்லை என்று ஏற்பவர்களுக்கு 'தி ஆட் கப்பிள்' இரண்டாவது சீசன் உறுத்தாது.

என்னைக் கேட்டால், வரிசை இதுதான். தனியாகவோ துணையோடோ பார்க்கிறீர்கள், முடிவுவரை போகும் பொறுமை இருக்கிறது என்றால் 'கிரேஸ் அண்ட் ஃபிராங்கி'. இரவில் ஒன்றே ஒன்று பார்த்துவிட்டுத் தூங்குகிற ஆள் என்றால் 'தி ஆட் கப்பிள்'. வீட்டில் பத்து வயதுக்காரர் யாராவது ரிமோட்டைப் பிடித்திருந்தால் 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்'. அதன் முதல் சீசன் வெறும் ஆறு எபிசோடுதான் என்பதால் ஒரு வாரக் கடைசியிலேயே பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். முதலிரண்டுக்கும் நடுவில் இழுபறி என்றால் 'பாஸ்வேர்ட்' எபிசோடை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அரிஸ்டோஃபனீஸுக்குச் சிரிப்பு வரவில்லையென்றால் கடற்கரை வீட்டுக்குப் போய்விடலாம்.